கேட்கும் உரிமை எவருக்கு?

அண்மையில் ஒரு மாலைப்பொழுதில், நீண்டகால நண்பர் ஒருவரின் மகன் என்னைத் தேடி வந்தார். முப்பது வயதைக் கடந்த, படித்த, நல்ல உத்தியோகம் பார்க்கின்ற இளைஞர். அவருக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. சாதகம் பொருந்தி, சீதனப் பேச்சும் முடிந்து, மண்டபமும் பதிவு செய்தாகிவிட்டது. ஆயினும் கலியாண மாப்பிள்ளைக்குரிய களை முகத்தில் இல்லை. தேநீர் ஆறும்வரை ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தவர், எழுந்து போகும் வேளையில்தான் விடயத்துக்கு வந்தார்.

“அங்கிள், அந்தப் பிள்ளை கம்பஸிலை படிக்கேக்கை ஒருத்தரை விரும்பினதாம். எதுவரைக்கும் போனது எண்டு தெரியேல்லை. நேரை கேட்டிடலாம் எண்டு நினைக்கிறன். உண்மையைச் சொன்னா மன்னிச்சுவிடுவன். மறைச்சாத்தான் பிரச்சினை.”

‘மன்னிச்சுவிடுவன்’ என்ற அந்த ஒரு சொல் என்னை நாற்பது ஆண்டுகளுக்கு முன்னே இழுத்துச் சென்றுவிட்டது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இக்கட்டுரையை எழுதுவதற்கு அதுவே காரணம்.

1982ஆம் ஆண்டு. கொழும்பில் ஒரு பத்திரிகையின் வார வெளியீட்டில் உதவி ஆசிரியராக இருந்தேன். வாசகர்களின் குடும்பப் பிரச்சினைகளுக்கு ‘அக்கா’ ஒருவர் பதில் கூறுவதாக ஒரு பக்கம் வெளிவந்துகொண்டிருந்தது. அந்த அக்கா நான்தான். இருபத்தேழு வயது, மணமாகாதவன், மீசை வைத்த அக்கா! அக்காலத்தில் பத்திரிகை உலகில் இது ஒன்றும் புதுமையான காரியமன்று. மலையகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வாராவாரம் கட்டுக்கட்டாகக் கடிதங்கள் வரும். இடம் கொள்ளுமளவுக்கு நாலைந்தைத் தெரிந்தெடுத்துப் பதில் எழுதுவேன்.

கிழக்கிலங்கையின் ஒரு சிற்றூரிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். கலியாணமாகி ஆறு மாதங்கள். அதற்கு முன்னர் முறைமச்சான் ஒருவருடன் பழக்கம் இருந்தது. அவர் வேறிடத்தில் சீதனம் வாங்கி மணந்துகொண்டார். இப்போது கணவர் ஒவ்வோர் இரவும் கேட்கின்றார்: “எல்லாவற்றையும் என்னிடம் சொல்லிவிடு. நான் மன்னித்துவிடுவேன்.” சொல்லவா, விடவா? இதுதான் கேள்வி.

நான் எழுதிய பதில் இன்றும் நினைவிலிருக்கின்றது. கணவன் மனைவிக்கிடையே திரை இருக்கக்கூடாது, உண்மையே இல்லறத்தின் அத்திவாரம், அவரே மன்னிப்பதாகக் கூறும்போது உங்களுக்கு என்ன தயக்கம் என்றெல்லாம் அழகான வசனங்களை அடுக்கியிருந்தேன். ஆசிரியர் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார்.

ஓராண்டுக்கும் மேல் கடந்தபின் அதே கையெழுத்தில் இன்னொரு கடிதம் வந்தது. முகவரி இல்லை. சில வரிகளே இருந்தன. அக்காவின் பேச்சைக் கேட்டுச் சொல்லிவிட்டதாகவும், அவர் அன்றிரவு அழுது மன்னித்ததாகவும், மறுநாளிலிருந்து சோறு குழைந்தாலும் பிள்ளை அழுதாலும் அந்தப் பழைய கதையே வீட்டில் எழுவதாகவும் எழுதியிருந்தார். பிள்ளை தன்னுடையதுதானா என்றும் கேட்டாயிற்றாம். அடுத்த ஊரில் ஒருத்தியின் வீட்டுக்கு அவர் போய்வருவது ஊரறிந்த விடயமாம். அதைப்பற்றி ஒரு தடவை வாய் திறந்தபோது, “கேட்பதற்கு உனக்கென்ன தகுதி?” என்றாராம். கடிதத்தில் கேள்வி எதுவும் இருக்கவில்லை. பதில் அனுப்பவும் வழி இருக்கவில்லை.

அந்தக் கணவனை வைவது எளிது. ஆனால் நான் செய்த தவறு என்னவென்று விளங்கிக்கொள்ள எனக்குப் பல ஆண்டுகள் தேவைப்பட்டன. ஒரு பெண்ணின் பழைய வாழ்க்கையை அவள் கணவனுக்குச் செய்த குற்றமாக அவனும் எண்ணினான். மன்னிப்புப் பெறச் சொன்னதன்மூலம் நானும் அவ்வாறே எண்ணினேன். குற்றமே இல்லாத இடத்தில் மன்னிப்பு என்ற சொல் நுழைந்தால், அது குற்றத்தை உண்டாக்கிவிட்டுத்தான் போகும்.

ஒருவரை அறியாத காலத்தில் அவருக்குத் துரோகம் செய்ய முடியுமா? துரோகம் என்றால் அதற்கு முன்னர் ஒரு வாக்கு இருந்திருக்கவேண்டும். திருமணம் என்பது அந்த வாக்கு. அது கொடுக்கப்பட்ட நாளுக்குப் பின்னர் நடப்பவற்றுக்கே கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர்கள். அதற்கு முந்திய காலம் அவரவர்க்கு உரியது. இவ்வளவு எளிய வேறுபாட்டை எமது சமூகம் ஏனோ ஏற்க மறுக்கின்றது.

சட்டத்துக்கு இந்த வேறுபாடு விளங்கியிருக்கின்றது. எமது நாட்டின் பொதுச்சட்டத்தில் விவாகரத்துக்கு நெடுங்காலமாக மூன்று காரணங்களே கூறப்பட்டு வந்துள்ளன. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் அவற்றை வரிசைப்படுத்தியது: விவாகத்தின் பின்னர் இழைக்கப்பட்ட சோரம், கெட்ட எண்ணத்துடன் கைவிட்டுச் செல்லுதல், விவாகத்தின்போதே இருந்த தீராத தாம்பத்திய இயலாமை. ‘விவாகத்தின் பின்னர்’ என்ற சொற்களை வாசகர்கள் கவனிக்கவேண்டும். மணமேடைக்கு முந்திய காதலை மாவட்ட நீதிமன்றத்தில் சோரமென்று காட்டி எவரும் விவாகரத்துப் பெற முடியாது. நீதிபதி கேட்காத கேள்வியைப் படுக்கையறையில் கணவன் கேட்கின்றான்.

எனினும் சட்டம் எல்லா இடத்திலும் நேர்மையாக நடந்துகொண்டது என்று கூறிவிட முடியாது. 1952ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டம், மனைவி சோரம் போனால் அது ஒன்றே கணவனுக்குப் போதும் என்றது. கணவன் சோரம் போனாலோ, அத்துடன் விலக்கப்பட்ட இரத்த உறவோ மிகுந்த கொடுமையோ சேர்ந்திருக்கவேண்டும் என்றது. அயலில் இந்தியாவில், 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு, பிறன் மனைவியுடன் உறவுகொண்ட ஆடவனைச் சிறைக்கு அனுப்பியது. ஆனால் அவளுடைய கணவன் சம்மதித்திருந்தால் குற்றமே இல்லை. தன் கணவன் பிறள்பாற் சென்றான் என்று ஒரு மனைவி அந்தப் பிரிவின்கீழ் முறையிடவும் வழி இருக்கவில்லை. மனைவி என்பவள் கணவனின் உடைமை. உடைமைக்காரன் அனுமதித்தால் களவு இல்லை. இதுதான் அதன் தத்துவம். 2018 செப்டெம்பர் 27ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் அப்பிரிவை அரசியலமைப்புக்கு முரணானதென்று நீக்கியது. ஏறத்தாழ நூற்றைம்பத்தெட்டு ஆண்டுகள் அது உயிருடன் இருந்தது.

சட்டங்களை ஆக்கியவர்களை மாத்திரம் குறைகூறிப் பயனில்லை. எமது மொழியிலேயே ஒரு சிக்கல் இருக்கின்றது. மணத்துக்கு முந்திய அனுபவம், மணத்துக்குப் பிந்திய துரோகம் என்ற இரண்டையும் ‘கற்பு’ என்ற ஒரே மூட்டைக்குள் கட்டி, அந்த மூட்டையைப் பெண்ணின் தலையில் மாத்திரம் ஏற்றிவிட்டோம். ஆணின் கடந்தகாலத்தைக் குறிப்பதற்கு எம்மிடம் ஒரு கண்டிப்பான சொல்கூடக் கிடையாது. ‘வாலிப வயசு’ என்று சிரித்துக்கொண்டு சொல்லிவிடுகின்றோம்.

சிலப்பதிகாரத்தைக் கற்பின் காவியம் என்று மேடைதோறும் முழங்குகின்றோம். அதில் கோவலன் என்ன செய்தான்? மணந்தவளை விட்டு மாதவியிடம் போனான். வீட்டுச் செல்வம் கரைந்தது. பின்னர் கடற்கரையில் மாதவி பாடிய பாட்டைக் கேட்டு, இவள் மனம் வேறொருவனிடம் இருக்கின்றது என்று ஐயுற்று எழுந்து போய்விட்டான். கண்ணகிக்குத் தான் செய்த மெய்யான துரோகம் அத்தனை காலமும் அவனைத் தடுக்கவில்லை. மாதவி செய்யாத துரோகமோ, ஒரு பாட்டில் எழுந்த வெறும் சந்தேகமாக இருந்தபோதிலும், ஒரு கணமும் பொறுக்க முடியாததாயிற்று. அடுத்த ஊரில் ஒருத்தியை வைத்துக்கொண்டு, மனைவியின் பழைய மச்சானைப் பற்றிக் கேட்ட அந்தக் கிழக்கிலங்கைக் கணவன் வேறு யார்?

இந்தத் தீவில் கண்ணகிக்கு இனபேதமில்லை. மட்டக்களப்புப் பகுதிக் கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசியில் குளிர்த்தி நடைபெறுகின்றது. சிங்கள மக்கள் பத்தினித் தெய்வமாக வணங்குகின்றார்கள். கண்டிப் பெரஹராவில் பத்தினி தேவாலயத்தின் ஊர்வலமும் செல்கின்றது. நானும் கைகூப்பி நின்றவன்தான். ஆனால் அவளுக்கு நேர்ந்த முதல் அநீதி மதுரையில் நிகழவில்லை, புகாரில் அவளது சொந்த வீட்டிலேயே நிகழ்ந்தது என்பதை எந்தச் சொற்பொழிவாளரும் வற்புறுத்தக் கேட்டதில்லை. திருவள்ளுவர்கூடப் பிறனில் விழையாமை என்று பத்துக் குறள்கள் ஆண்களை நோக்கியே பாடிவைத்தார். அவ்வதிகாரம் பாடசாலை மேடைகளில் அதிகம் ஒலிப்பதில்லை.

இந்த விடயத்தைப் பகிரங்கமாகப் பேசினால் என்ன நடக்கும் என்பதை 2005ஆம் ஆண்டு தமிழகத்தில் கண்டோம். படித்த ஆண்மகன் எவனும் தன் மணப்பெண் கன்னியாக இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கக்கூடாது, பெண்கள் கர்ப்பத்திலிருந்தும் நோயிலிருந்தும் தம்மைப் பாதுகாத்துக்கொள்ளவேண்டும் என்ற கருத்தில் நடிகை குஷ்பு ஒரு சஞ்சிகைக்குக் கூறிவிட்டார். துடைப்பங்களும் செருப்புகளும் வீதிக்கு வந்தன. தமிழ்ப் பெண்ணின் மானம் போய்விட்டதென்று முழக்கங்கள் எழுந்தன. இருபத்து மூன்று வழக்குகள் தொடுக்கப்பட்டன. அவை அனைத்தையும் 2010 ஏப்ரல் 28ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்தச் செய்திகளை ஆசிரிய பீடத்தில் இருந்து நாளாந்தம் தொகுத்துக்கொண்டிருந்தபோது நான் கவனித்த ஒன்று உண்டு. கோஷமிட்ட ஆண்களில் எவரிடமும், “உங்களுடைய கடந்தகாலம் எப்படி?” என்று எந்த நிருபரும் கேட்கவில்லை. நானும் எனது நிருபர்களிடம் கேட்கச் சொல்லவில்லை.

எனது திருமணத்தின்போதும் அப்படித்தான். பெண்வீட்டார் என்னைப்பற்றி விசாரித்தார்கள். சம்பளம் எவ்வளவு, குடிப்பழக்கம் உண்டா, பத்திரிகை வேலை நிரந்தரமானதா என்றெல்லாம் கேட்டார்கள். அதற்கு மேல் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. எனது மனைவியைப்பற்றி மட்டும் ஊரிலே இரண்டு வீட்டாரிடம் இரகசியமாக விசாரிக்கப்பட்டதை மணமாகிப் பல ஆண்டுகளின் பின்னரே அறிந்தேன். எங்கள் ஊர்களில் கலியாணம் குழம்புவதற்கு ஒரு மொட்டைக் கடிதம் போதுமானதாக இருந்தது. அந்த மொட்டைக் கடிதங்கள் ஏறக்குறைய எல்லாமே பெண்ணைப் பற்றியவைதாம். இப்போது கடிதத்துக்குப் பதிலாகக் கைத்தொலைபேசிக்கு ஒரு பழைய படம் வந்து சேர்கின்றது. கருவி மாத்திரமே மாறியிருக்கின்றது.

சிங்களச் சமூகத்தில் ஒரு பகுதியினர் முதலிரவில் வெள்ளைத் துணி விரித்துச் சோதிக்கும் வழக்கத்தை நாம் ஏளனம் செய்வதுண்டு. துணி விரிக்காமலே சோதிப்பவர்கள் ஏளனம் செய்ய உரிமையற்றவர்கள். முதல் உறவில் இரத்தம் வராத பெண்கள் ஏராளம் என்பதும், கன்னித்தன்மையை உடலைப் பார்த்து அறியும் பரிசோதனை எதுவும் மருத்துவத்தில் இல்லை என்பதும் இன்று தெளிவானவை. 2018 ஒக்டோபரில் உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை, மகளிர் அமைப்புகளும் இணைந்து, அத்தகைய பரிசோதனைகள் ஒழிக்கப்படவேண்டும் என்று கேட்டுக்கொண்டன.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். ‘அப்படியானால் மறைப்பது ஏமாற்றாகாதா? பழைய பழக்கம் பின்னரும் தொடராதா?’ என்று கேட்பவர்களை நான் பிற்போக்குவாதிகள் என்று ஒதுக்கமாட்டேன்.

முதலாவது கேள்விக்கு எனது பதில் இது. கேட்டறியவேண்டிய சில உண்டு. முந்திய திருமணம் ஒன்று முறைப்படி முடிவுற்றதா என்பதைக் கேட்கலாம். முடிவுறாவிட்டால் இரண்டாவது மணம் எமது சட்டப்படி குற்றம். பராமரிக்கவேண்டிய பிள்ளை உண்டா என்று கேட்கலாம். மற்றவருக்குத் தொற்றக்கூடிய நோய் உண்டா என்று கேட்கலாம். இலங்கையில் முதலாவது எச்.ஐ.வி. தொற்று 1987இல் அறியப்பட்டது. அரசின் பாலியல்நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இரகசியம் பேணி இலவசமாகவே இரத்தப் பரிசோதனை செய்கின்றார்கள். இருவரும் சேர்ந்து போய்வரலாம். இவை யாவும் இனி வாழப்போகும் வாழ்க்கையைத் தொடுகின்ற விடயங்கள். ‘யாருடன், எதுவரை, எத்தனை தடவை’ என்பவை அப்படியல்ல. அவை அறிவதற்காகக் கேட்கப்படுவதில்லை. பின்னொரு நாள் ஆயுதமாக எடுப்பதற்காகச் சேமித்து வைக்கப்படுகின்றன.

இரண்டாவது கேள்விக்கும் பதில் உண்டு. மணத்துக்கு முன்னர் பலருடன் பழகியவர்களிடையே பின்னர் துரோகமும் ஓரளவு கூடுதலாகக் காணப்படுவதாக அமெரிக்க ஆய்வுகள் சில கூறியிருக்கின்றன. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அதே ஆய்வுகள் மணவாழ்வில் திருப்தியின்மையையும் சந்தர்ப்பத்தையும் காரணங்களாகக் காட்டுகின்றன. கூட்டத்தின் சராசரி எதுவும் தனியொருவர் மீதான தீர்ப்பாகாது. அதிலும், சராசரியை வைத்தே தீர்ப்பளிப்பதென்றால் முதலில் விசாரிக்கப்படவேண்டியவர்கள் ஆண்களே. 1948இல் வெளிவந்த அல்பிரட் கின்சியின் நூல், மணமான அமெரிக்க ஆண்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு மணத்துக்கு வெளியே உறவு இருந்ததென்றது. 1953இல் வெளிவந்த அடுத்த நூல், பெண்களிடையே நாற்பது வயதுக்குள் அது 26 வீதம் என்றது. அவர் ஆட்களைத் தெரிந்தெடுத்த முறை பின்னர் கண்டிக்கப்பட்டது உண்மை. ஆயினும் யார் யாரைச் சந்தேகிக்கவேண்டும் என்ற எமது வழக்கத்துக்கு அந்தக் கணக்கு நேர்மாறானது.

இவ்வளவையும் கூறியதால் துரோகத்தை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்கின்றேன் என்று எவரும் கருதவேண்டாம். இந்த விடயத்தில் நான் பழைய ஆள்தான். கொடுத்த வாக்கை மீறி, அதை மறைத்து, நம்பியவரை முட்டாளாக்குவது கொடிய செயல். மத்திய கிழக்கில் உழைக்கும் மனைவி அனுப்பும் பணத்தில் இங்கே இன்னொரு குடும்பம் நடத்துகின்ற கணவர்களைப்பற்றி எனக்கு எத்தனையோ கடிதங்கள் வந்திருக்கின்றன. திரும்பிவந்த அந்த மனைவியைப் பார்த்து, “அங்கே எப்படி இருந்தாளோ!” என்று ஊர் முணுமுணுக்கின்றது. வெளிநாட்டிலிருக்கும் மாப்பிள்ளைக்காக ஆண்டுக்கணக்கில் இங்கே காத்திருந்த பெண்களும், போர் முடிந்த 2009இன் பின்னர் முகாம்களிலிருந்தும் தடுப்பிலிருந்தும் மீண்ட பெண்களும் இதே முணுமுணுப்பைக் கடந்துதான் மணவறைக்கு வரவேண்டியிருந்தது. செய்யாத துரோகத்துக்காகப் பெண்களை விசாரித்துக்கொண்டிருப்பதால், செய்த துரோகத்துக்காக எவரையும் விசாரிக்க எமக்கு நேரம் கிடைப்பதில்லை. நான் கோபப்படுவது இதற்காகவே.

புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய ‘சாபவிமோசனம்’ இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றது. இராமனின் பாதத்தூளி பட்டுக் கல்லாயிருந்த அகலிகை பெண்ணாகின்றாள். அதே இராமன் தன் மனைவியைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று சீதையின் வாயால் கேட்டதும், அவள் மீண்டும் கல்லாகிவிடுகின்றாள். பிறர் வீட்டு அகலிகைக்கு விமோசனம் அளிப்பது சுலபம். அக்கா என்ற பெயரில் பத்திரிகையில் உபதேசம் செய்வதும் அத்தகையதே. தன் வீட்டுச் சீதையிடம் என்ன கேட்கின்றோம் என்பதில்தான் மனிதனின் தரம் தெரியும்.

நண்பரின் மகனிடம் அன்று நான் அதிகம் பேசவில்லை. “தம்பி, அவவிடம் கேட்கப்போகும் கேள்விகளை முதலில் ஒரு தாளில் எழுதும். ஒவ்வொன்றுக்கும் கீழே உம்முடைய பதிலை எழும்பி நின்று வாசிக்கக்கூடிய மாதிரி எழுதும். அந்தத் தாளை முதலில் அவவிடம் கொடுத்துவிட்டுப் பிறகு கேளும்” என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பின்னர் சிரித்தார். அந்தச் சிரிப்பின் பொருள் எனக்கு முழுமையாக விளங்கவில்லை. எதையும் கேட்காமல் மணம் செய்துகொண்டு, மனத்துக்குள் கேட்டுக்கொண்டேயிருப்பவராக அவர் ஆகிவிடக்கூடாது என்பதுதான் எனது பிரார்த்தனை. சந்தேகத்தை விழுங்கமுடியாதவர் திருமணத்தையே தவிர்த்துக்கொள்வது இருவருக்கும் நல்லது.

இனி, நாற்பது ஆண்டுகள் தாமதமான ஒரு பதில். எழுதியவர் உயிருடன் இருக்கின்றாரோ, இதை வாசிப்பாரோ, அறியேன். இருந்தும் அச்சில் தவறிழைத்தவன் எழுத்திலேயே திருத்தம் வெளியிடவேண்டும் என்பது எங்கள் தொழிலின் மரபு.

தங்கச்சி, நீங்கள் அவருக்கு எந்தக் குற்றமும் செய்யவில்லை. ஆகவே மன்னிப்புப் பெறவேண்டிய தேவையும் உங்களுக்கு இருக்கவில்லை. “அது உங்களை அறியமுன் நடந்த என் வாழ்க்கை. உங்களை அறிந்தபின் நான் உங்களுக்கு உண்மையாக இருக்கிறேன், நீங்களும் அப்படி இருங்கள்” என்று மட்டும் சொல்லும்படி உங்களுக்கு எழுதியிருக்கவேண்டும். கேட்பதற்கு உங்களுக்கென்ன தகுதி என்று அவர் கேட்டாரே, கேட்கும் தகுதி அந்த வீட்டில் உங்களுக்கு மட்டுமே இருந்தது. அன்று பதில் எழுதியது அக்கா அல்ல, ஒன்றும் அறியாத ஓர் இளைஞன். அவனை முடிந்தால் மன்னியுங்கள். மன்னிப்பு என்ற சொல் இந்தக் கதையில் பொருந்துகின்ற ஒரே இடம் அதுதான்.